திரும்பிய பிறகு ஒரு பலகை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் காட்சியை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு நாற்சந்தி. ஓரமாக ஒருவர் சைக்கிளை நிறுத்தியிருப்பார். இறங்கியிருக்க மாட்டார். ஒரு கால் தரையில் ஊன்றியிருக்கும், மற்றொரு கால் பெடல்மேலேயே இருக்கும். இடப்பக்கம் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார், வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடிக்கும். உடனே ஏதோ ஒரு பக்கமாக மிதிக்கத் தொடங்கிவிடுவார். அது சரியான பக்கம்தானா என்பது அவருக்கே தெரியாது.

அந்த ஊன்றிய காலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சைக்கிளுக்குப் பாதை வேண்டும் என்று பேச இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல விஷயம். பாதை போட்டும் விடுகிறார்கள். அந்தப் பாதையை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார், அதைவிட்டு விலகாமல் எப்படிப் போய்ச் சேருவார் என்று கேட்டால்தான் பதில் கிடைப்பதில்லை. பல வருடமாக நான் எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாக ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு அந்த ஊருக்குள் சுற்றுகிறவன். வழி தவறியதும் அதிகம், அதனால் கற்றதும் அதிகம். அந்த அனுபவத்திலிருந்துதான் பேசுகிறேன்.

முதலில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பஸ்ஸில் போகிறவருக்கு வழி தெரிய வேண்டியதே இல்லை, பஸ் எண் தெரிந்தால் போதும். காரில் போகிறவர் பெரிய சாலையைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். பெரிய சாலைக்குப் பெரிய பலகை, தலைக்கு மேலே, தூரத்திலிருந்தே தெரியும். நடந்து போகிறவர் தவறினால் பத்தடி திரும்பி நடந்தால் போயிற்று. சைக்கிள்காரர் இந்த மூன்றிலும் சேர மாட்டார். பெரிய சாலை அவருக்கும் தெரியும். ஆனால் அங்கே பஸ்ஸும் லாரியும் தோளை உரசிக்கொண்டு போகின்றன. அவருக்கு ஏற்ற வழி உள்தெருக்களில் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், ஒரு பூங்காவின் ஓரம், வாய்க்காலை ஒட்டிய பாதை, தண்டவாளத்துக்கு அடியில் போகும் சின்னச் சுரங்கப்பாதை என்று அது போகும். அமைதியான வழி, நிழலான வழி. ஆனால் நேரான வழி அல்ல. பத்து இடத்தில் திரும்பும். ஒன்பது திருப்பத்தைச் சரியாகத் திரும்பி ஒன்றே ஒன்றைத் தவறவிட்டாலும் வேறெங்கோ போய் நிற்போம்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். சைக்கிளுக்கு எந்த வழி மிக நல்லதோ, அந்த வழியைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினம். சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ. அந்த ஊர் மேடும் பள்ளமுமானது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சில தெருக்கள் ஏணி வைத்ததுபோல் நிற்கும். ஆனால் நகரத்தின் மையமான மார்க்கெட் தெருவிலிருந்து மேற்கே கோல்டன் கேட் பூங்காப் பக்கம் போக, மலைகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து போகும் ஒரு வழி உண்டு. சுமார் ஒரு மைல் தூரம். அதற்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘விகிள்’. நெளிந்து போவது என்று பொருள். இடது, வலது, இடது, வலது என்று தெருவுக்குத் தெரு திரும்பிக்கொண்டே போக வேண்டும். நேர்த்தெருவில் போனால் மூச்சு வாங்கும் ஏற்றம். நெளிந்து போனால் ஏற்றம் இருப்பதே பெரிதாகத் தெரியாது. ஏன் தெரியுமா? அந்த வழி ஒரு காலத்தில் தண்ணீர் ஓடிய பள்ளத்தாக்கை ஒட்டிப் போகிறது. தண்ணீர் பள்ளம் பார்த்துத்தானே ஓடும்? அது ஓடிய தடத்தில் நாம் ஏறிப் போகிறோம்.

எவ்வளவு அருமையான வழி! ஆனால் அந்த ஊருக்குப் புதிதாக வருகிறவருக்கு, அந்தத் தெருக்களில் எந்த மூலையில் நின்று பார்த்தாலும் அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்று தோன்றாது. எல்லாம் ஒரே மாதிரியான குடியிருப்புத் தெருக்கள். அதனால்தான் அங்கே தரையிலேயே பச்சை நிறத்தில் சைக்கிள் குறியும் அம்பும் வரைந்திருக்கிறார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தானாக வந்து சேரும்.

தரையில் வரைவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சைக்கிள் ஓட்டும்போது உங்கள் கண் எங்கே இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நாளை காலையில் போகும்போது பாருங்கள். பெரும்பாலான நேரம் சக்கரத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரில், தரையில்தான் இருக்கும். குழி இருக்கிறதா, மணல் இருக்கிறதா, சாக்கடை மூடி ஒழுங்காக இருக்கிறதா, ஓரத்தில் நிற்கும் காரின் கதவு திறக்குமா? இவற்றைத்தான் நாம் பார்க்கிறோம். இரண்டே சக்கரத்தில் உடம்பைச் சுமந்து போகிறவருக்கு வேறு வழி கிடையாது. அண்ணாந்து பலகையைத் தேடிக்கொண்டு போனால் குழியில் விழ வேண்டியதுதான். ஆகவே சைக்கிள்காரருக்கு வழி சொல்ல நினைப்பவர் அவர் கண் இருக்கும் இடத்தில் சொல்ல வேண்டும். போர்ட்லேண்ட் என்ற இன்னொரு அமெரிக்க நகரத்தில், அமைதியான தெருக்களில் தரையில் ஒரு சைக்கிள் உருவமும் அதற்கு மேல் இரண்டு அம்பு முனைகளும் வரைகிறார்கள். வழி திரும்பும் இடத்தில் அந்த அம்பு முனைகளையும் திரும்பும் பக்கமாகச் சாய்த்து வரைகிறார்கள். ஒரு டப்பா பெயின்ட் செய்கிற வேலைதான். ஊன்ற வந்த கால் ஊன்றாமலே போய்விடுகிறது.

கால் ஊன்றினால் என்ன நஷ்டம், ஒரு நிமிடம்தானே என்று யாராவது கேட்கலாம். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், நின்ற சைக்கிளை மறுபடியும் வேகத்துக்குக் கொண்டுவருவதில்தான் உடம்பின் பலம் செலவாகிறது. ஓடுகிற சைக்கிளை ஓட்டிக்கொண்டே இருப்பது சுலபம். காரில் போகிறவர் நின்று கிளம்பினால் எஞ்சின் உழைக்கிறது. இங்கே உழைப்பது நம் தொடை. பின்சீட்டில் குழந்தையோ மூட்டையோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, இப்போது நான் எங்கே போனாலும் விடாமல் பேசும் விஷயத்துக்கு வருகிறேன். திரும்பிய பிறகு ஒரு பலகை. அதைத்தான் இந்தப் பேச்சுக்குத் தலைப்பாகவும் வைத்தேன்.

ஒரு திருப்பத்துக்கு எத்தனை பலகை வேண்டும்? பெரும்பாலானவர்கள் ஒன்று என்பார்கள். திருப்பத்தில் ஒரு அம்பு, முடிந்தது வேலை. அது போதாது. நகரத்துக்குள் சாதாரணமாக மிதிக்கிறவர் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு நொடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் போகிறார். பலகை கண்ணில் பட வேண்டும், அதைப் படிக்க வேண்டும், மனதில் முடிவு எடுக்க வேண்டும், பின்னால் என்ன வருகிறது என்று தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், கையைக் காட்ட வேண்டும், பிரேக்கைப் பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் ஐந்தாறு நொடி ஆகும். அதற்குள் இருபது இருபத்தைந்து மீட்டர் போய்விடும். எனவே திருப்பத்துக்கு முன்னாலேயே ஒன்று வேண்டும். திருப்பத்திலே ஒன்று வேண்டும். இந்த இரண்டை ஓரளவு எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மூன்றாவது ஒன்று உண்டு. திரும்பி ஐம்பது அடி போன பிறகு, ‘ஆமாம், சரியாகத்தான் வந்திருக்கிறாய், போ’ என்று சொல்ல ஒன்று. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் கைவைப்பது இதில்தான். இதைப் பார்த்து யாரும் திரும்பப் போவதில்லையே, இது எதற்கு என்று தோன்றிவிடுகிறது.

எதற்கு என்று ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்தில், பெயர் வேண்டாம், ஒரு மாலை நேரத்தில் சைக்கிள் வழி ஒன்றைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல வழி. பலகைகள் புதிதாக இருந்தன. ஒரு ஐந்து முனைச் சந்திப்பு வந்தது. கம்பத்தில் அம்பு இருந்தது. ஆனால் அந்தப் பலகை கம்பத்தில் சற்றே சுழன்றிருந்தது. அதைப் பிடித்திருந்த வளையத்தின் ஆணி தளர்ந்திருக்க வேண்டும், அல்லது ஏதோ வண்டி இடித்திருக்க வேண்டும். அம்பு இரண்டு தெருக்களுக்கு நடுவிலுள்ள சுவரைக் காட்டியது. இந்தத் தெருவா, அந்தத் தெருவா? ஒன்றில் திரும்பினேன். தெரு நன்றாகத்தான் இருந்தது. மரங்கள் இருந்தன, வண்டிகள் குறைவு. சரியான தெரு என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. தவறான தெரு என்று சொல்ல எதுவும் இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது. தவறான தெரு தன்னைத் தவறு என்று சொல்லிக்கொள்ளாது. ஒரு கிலோமீட்டர் போனேன். மனதுக்குள் ஒரு அரிப்பு. அடுத்த மூலையில் பலகை இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அதற்கடுத்த மூலையில் இருக்கும். அங்கும் இல்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, இனித் திரும்புவதா என்று இன்னும் கொஞ்ச தூரம் போனேன். கடைசியில் அந்தத் தெரு என்னைக் கொண்டுபோய் விட்டது ஒரு மேம்பாலத்தின் ஏறுமுகத்தில். பின்னால் வண்டிகள் விரைந்து வருகின்றன, திரும்ப இடமில்லை. இருட்டிக்கொண்டு வருகிறது. சைக்கிளைத் தூக்கித் தடுப்புச்சுவருக்கு அந்தப் பக்கம் வைத்து, நானும் தாண்டி, சுவரைப் பிடித்தபடி நடந்து இறங்கினேன். கை நடுங்கியது.

அந்தப் பாதைக்கு நிறையச் செலவு செய்திருந்தார்கள். நான் திரும்பிய மூலையிலிருந்து ஐம்பது அடி தள்ளி, சரியான தெருவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை இருந்திருந்தால் போதும். அது என் கண்ணில் படவில்லை என்பதை வைத்தே ‘இது நம் தெரு இல்லை’ என்று உடனே தெரிந்திருக்கும். மூன்றாவது பலகை சரியான தெருவில் வந்தவருக்குத் தைரியம் சொல்கிறது. தவறான தெருவில் போனவருக்கு, தான் அங்கே இல்லாததாலேயே எச்சரிக்கை சொல்கிறது. இரண்டு வேலை செய்யும் பலகையைத்தான் தேவையில்லை என்று விட்டுவிடுகிறோம்.

இதையே வேறு மாதிரி செய்த ஊரும் உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில் சைக்கிளுக்கென்று தேர்ந்தெடுத்த தெருக்களில் பலகைகளை ஊதா நிறத்தில் வைத்திருக்கிறார்கள். ஊதா தெரிகிற வரை நீங்கள் வழியில் இருக்கிறீர்கள். எதையும் படிக்கவே வேண்டாம், நிறம் தெரிந்தால் போதும். லண்டனில் 2010-இல் முதல் பெரிய சைக்கிள் தடங்களைத் திறந்தபோது தரையில் நீலம் பூசினார்கள். வெறும் நீலப் பெயின்ட் லாரியைத் தடுக்காது என்று அங்கே பலர் கண்டித்தார்கள், அது நியாயமான கண்டனம்தான். பாதுகாப்புக்குப் பெயின்ட் போதவே போதாது. ஆனால் வழி காட்டும் விஷயத்தில் மட்டும் பார்த்தால், ஊருக்குப் புதியவரும் அந்த நீலத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போக முடிந்தது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காப்பது வேறு, காட்டுவது வேறு. இரண்டும் வேண்டும்.

கைகாட்டிகளில் நீண்ட பழக்கமுள்ளவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். அங்கே ஏ.என்.டபிள்யூ.பி. என்ற அமைப்பு இருக்கிறது. இன்று கார் வைத்திருப்பவர்களுக்கும் சேவை செய்யும் பெரிய அமைப்பு, ஆனால் 1883-இல் தொடங்கியபோது அது சைக்கிள் ஓட்டுகிறவர்களின் சங்கம். சைக்கிள்காரர்களே தங்களுக்காகக் கைகாட்டி வைத்த நாடு அது. 1919-இல் அவர்கள் ஒரு புது மாதிரிக் கைகாட்டியை வைக்க ஆரம்பித்தார்கள். முழங்கால் உயரம்தான், தரையிலிருந்து முளைத்ததுபோல் இருக்கும். பார்க்கக் காளான் மாதிரி இருப்பதால் பெயரே ‘காளான்’. அதன் தொப்பியில் நான்கு பக்கமும் ஊர்ப் பெயரும் தூரமும் எழுதியிருக்கும். ஒவ்வொரு காளானுக்கும் ஒரு எண் உண்டு, வரைபடத்திலும் அதே எண் இருக்கும். ஆகவே எந்தக் காட்டுப் பாதையில் நின்றாலும், நான் இந்தக் காளானுக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று வரைபடத்தில் விரலை வைத்துவிடலாம். எங்கே போக வேண்டும் என்பதற்கு முன்னால் எங்கே இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமே, அந்தக் கேள்விக்கு அது பதில் சொல்கிறது. அதே நாட்டில் சைக்கிளுக்கான கைகாட்டிகளில் எழுத்துகள் வெள்ளையில் சிவப்பாக இருக்கும். சுற்றிப் போனாலும் அழகான வழி என்றால் எழுத்து பச்சை. வேலைக்குப் போகிறவர் சிவப்பைப் பார்த்துப் போவார், விடுமுறையில் வந்தவர் பச்சையைப் பார்த்துப் போவார். ஒரே கம்பம்தான்.

அவர்களுக்குப் பக்கத்து நாடான பெல்ஜியத்தில் நடந்த ஒரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை.

பெல்ஜியத்தில் லிம்பர்க் என்று ஒரு மாகாணம். அங்கே பூமிக்கடியில் நிலக்கரி இருப்பது 1901-இல் தெரிந்தது. பிறகு பல தலைமுறை அங்கே சுரங்கத்தில்தான் வேலை. ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள் மூடப்பட்டு, கடைசிச் சுரங்கம் 1992-இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் போய்விட்டது. அந்த மாகாணத்தில் ஹியூகோ போலன் என்று ஒரு சுரங்கப் பொறியாளர் இருந்தார். மக்களைச் சைக்கிளில் அந்தப் பகுதிக்கு வரவைக்க என்ன செய்யலாம் என்று அங்கே யோசித்தபோது, அவருக்குத் தோன்றியது சுரங்கத்துக்குள் வழி கண்டுபிடிக்கிற முறை.

சுரங்கத்துக்குள் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சூரியன் கிடையாது, கோபுரம் கிடையாது, கடைத்தெரு கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே இருட்டு, ஒரே மாதிரியான குகைப் பாதை. அங்கே ‘பெரிய ஆலமரத்துக்குப் பக்கத்தில் திரும்பு’ என்றெல்லாம் யாரும் சொல்ல முடியாது. பாதைகள் கூடும் இடங்களுக்கு எண் இருக்கும். இந்த எண்ணிலிருந்து அந்த எண்ணுக்குப் போ என்றால் போய்விடலாம். இதையே பூமிக்கு மேலே செய்தால் என்ன? 1995-இல் செய்தார்கள். சைக்கிள் பாதைகள் ஒன்றையொன்று சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு எண். அங்கே ஒரு கம்பம். பக்கத்தில் இருக்கும் மற்ற எண்கள் எந்தெந்தப் பக்கம் என்று அம்பு. அவ்வளவுதான். ஊர்ப் பெயரே தேவையில்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நான் அங்கே மூன்று நாள் ஓட்டிப் பார்த்தவன், அதனால் சொல்கிறேன். காலையில் வரைபடத்தைப் பார்த்து, போக வேண்டிய எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவேன். உதாரணத்துக்கு 14, 22, 31, 8, 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டை ஹேண்டில்பாரில் பெல்லுக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுவேன். அதற்குப் பிறகு என் மனதில் ஒரே ஒரு எண் மட்டும்தான் இருக்கும். 22. 22-ஐத் தேடிப் போகிறேன். வழியில் சின்னத் திருப்பம் வந்தால் அங்கேயும் ஒரு சிறு பலகை, அம்பு, 22. இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறுபடி 22. பார்த்தீர்களா, நான் கேட்கிற அந்த மூன்றாவது பலகை இங்கே வழி நெடுகக் கிடைக்கிறது! 22 வந்ததும் மனதிலிருந்து அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 31-ஐ எடுத்துக்கொள்வேன். முழு வழியையும் தலையில் சுமக்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு எண். மழை பெய்து சீட்டு நனைந்தது, 8-ஐ 3 என்று படித்துவிட்டேன். ஆனால் 31-இல் வந்து நின்று பார்த்தால் 3-க்கு அம்பே இல்லை. 8-க்குத்தான் இருந்தது. தவறு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது, ஒரு கிலோமீட்டர் போய் மேம்பாலத்தில் ஏறிய பிறகு அல்ல.

அந்த முறை பிறகு பெல்ஜியத்தின் மற்ற பகுதிகளுக்கும் நெதர்லாந்துக்கும் பரவியது. மொழி தெரியாதவரும் போகலாம், எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் எண் பார்த்துச் சொல்லும். அங்கே ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். முன்னால் ஏழெட்டு வயதுப் பெண், சின்னச் சைக்கிள். பின்னால் அம்மா அப்பா. அந்தப் பெண்தான் வழிகாட்டி. ஒவ்வொரு கம்பம் வந்ததும் எண்ணை உரக்கக் கத்திவிட்டு முதல் ஆளாகத் திரும்பும்.

நகரத்துக்குள் அப்படியே இது பொருந்துமா என்றால், முழுக்கப் பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன். அது முக்கியமாகப் பொழுதுபோக்காகச் சுற்றுகிறவர்களுக்காக வந்த முறை. நகரத்தில் வேலைக்குப் போகிறவருக்கு ‘ரயில் நிலையம்’, ‘மருத்துவமனை’, ‘கல்லூரி’ என்று இடத்தின் பெயர்தான் வேண்டும். அதோடு நிமிடமும் வேண்டும். போர்ட்லேண்டில் பலகைகளில் தொலைவோடு எத்தனை நிமிடம் என்றும் போடுகிறார்கள். இது நல்ல யோசனை. மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு நான்கு நிமிடம். ‘3 கிலோமீட்டர்’ என்றால் தூரம் என்று மலைக்கிறவர், ‘12 நிமிடம்’ என்றால் சைக்கிளை எடுத்துவிடுவார். ஆனால் சுரங்கத்திலிருந்து வந்த அந்தப் பாடம் நகரத்துக்கும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு விஷயம் சொல், சொன்னதையே கடைசி வரை சொல். முதல் பலகையில் ‘ரயில் நிலையம்’ என்று போட்டால், நிலையம் வரும் வரை ஒவ்வொரு பலகையிலும் ரயில் நிலையம் இருக்க வேண்டும். நடுவில் அந்தப் பெயர் காணாமல் போய், வேறு இரண்டு பெயர் மட்டும் இருக்கும் பலகைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில்தான் கால் ஊன்றுகிறது.

நல்ல பலகை இல்லாத ஊரில் என்ன செய்வது? பெரும்பாலான ஊர்கள் அப்படித்தானே. இங்கே நாம்தான் நமக்கு வழிகாட்டி. கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்க நகர அமைப்பு அறிஞர், மக்கள் தங்கள் நகரத்தை மனதுக்குள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1960-இல் எழுதினார். பாதைகள், எல்லைகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளங்கள் என்ற ஐந்தையும் வைத்துத்தான் மனதுக்குள் வரைபடம் உருவாகிறது என்றார். இவற்றில் எல்லை என்பதைச் சைக்கிள்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பேன். ஆறு, தண்டவாளம், பெரிய நெடுஞ்சாலை. இவற்றை நினைத்த இடத்தில் கடக்க முடியாது. எங்கெங்கே கடக்கலாம், எந்தப் பாலம், எந்தச் சுரங்கப்பாதை, எந்த லெவல் கிராசிங் என்பதை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நகரத்தில் அவை விரல் விட்டு எண்ணும்படிதான் இருக்கும். அவற்றைப் பிடித்துவிட்டால் நடுவிலுள்ள தெருக்களில் கொஞ்சம் தவறினாலும் பாதகமில்லை, மறுபடி பாலத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

யாரிடம் வழி கேட்பது என்பதும் முக்கியம். எல்லோரும் அன்பாகத்தான் சொல்வார்கள், ஆனால் அவரவர் போகிற வழியைச் சொல்வார்கள். கார் ஓட்டுகிறவரைக் கேட்டால் பெரிய சாலையைச் சொல்வார். நடக்கிறவர் படிக்கட்டு உள்ள சந்து வழியைச் சொல்வார். சைக்கிளில் வருகிற ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள், அதுவும் சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு போகிறவர் கிடைத்தால் மிக நல்லது. மேடு எங்கே, பள்ளம் எங்கே, எந்தத் தெருவில் நாய் துரத்தும் என்பது வரை அவருக்குத் தெரியும். ‘நேராகப் போங்கள்’ என்று சொன்னால் ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்கள்: ‘எது வந்தால் தாண்டிவிட்டேன் என்று அர்த்தம்?’ அந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதில்தான் உங்களுடைய மூன்றாவது பலகை.

வானொலி நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார், நேரம் நெருங்கிவிட்டது. கைபேசியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஒரு வரைபடம் இருக்கிறது, உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்குவது. சைக்கிள் தடம், தரையின் தன்மை, காருக்கு ஒருவழி ஆனாலும் சைக்கிளுக்கு இருவழி என்பதெல்லாம் அதில் குறிக்க இடமுண்டு. உங்கள் தெருவில் அது தவறாக இருந்தால் நீங்களே திருத்தலாம். கைபேசியில் வழி பார்க்கும்போது சைக்கிள் என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இல்லாவிட்டால் அது உங்களைக் காராக நினைத்து மேம்பாலத்தில் ஏற்றிவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால், பக்கத்துத் தெருவில் இருப்பதாகக் காட்டும். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்காதீர்கள். குரலில் சொல்ல விடுங்கள், ஒரு காதில் மட்டும்.

இரவில் ஓட்டுவதைப் பற்றியும் சொல்ல இருந்தது. அதற்கு நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், இதை விட்டுவிட்டுப் போக மனமில்லை. புதிய வழியில் போகும்போது, முக்கியமான ஒவ்வொரு திருப்பத்தையும் தாண்டியதும், பாதுகாப்பான ஓர் இடத்தில் நிறுத்தி, ஒருமுறை திரும்பி வந்த பக்கத்தைப் பாருங்கள். போகும்போது பார்த்த தெரு வேறு, வரும்போது பார்க்கிற தெரு வேறு. போகையில் முகப்பைக் காட்டிய கட்டடம் வருகையில் முதுகைக் காட்டும். வேலை முடிந்து களைத்துப்போய், வெளிச்சம் குறைந்த நேரத்தில் நீங்கள் வரப்போவது அந்தப் பக்கமாகத்தான். ஐந்து நொடி போதும். ஒரு காலை ஊன்றி, திரும்பிப் பார்த்து, அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தையில் உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். பச்சைக் கதவு. வளைந்த கம்பம். உடைந்த திண்ணை. சாயங்காலம் அது உங்களுக்காக அங்கேயே இருக்கும்.

நன்றி, வணக்கம்.